கருமாதிக் களரி

பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பெஞ்சு வந்திருக்கிறது. ஒன்றில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பின்பாட்டுக்காரர்களும் உட்காருவார்கள். மற்றொன்றுதான் அஸ்தினாபுரத்துச் சிம்மாசனம், கர்ணனின் அரண்மனை, விடியும் நேரத்தில் அவனுடைய தேர். தெருவில் நாலு கழி நட்டு மேலே படுதா கட்டியாயிற்று. இரண்டு டியூப்லைட். எதிரே, வீட்டு வாசலை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் மாலை போட்ட புகைப்படம், களரியைப் பார்த்தாற்போல. கூத்தின் முதல் வரிசை இறந்தவருக்கு.

செய்யாறு வட்டாரத்தில் ஏரியை ஒட்டிய ஓர் ஊர். நாளைக்குக் கருமாதி. இந்தப் பக்கத்தில், கையில் காசு இருந்தால் அதைக் கொண்டும் இல்லாவிட்டால் கடன் வாங்கியும், காரியத்துக்கு முந்தைய இரவு கர்ண மோட்சம் வைப்பது வழக்கம். கர்ணன் போன கதிக்கே நம் வீட்டு ஆளும் போய்ச் சேருவான் என்பது நம்பிக்கை. இது திரௌபதி அம்மன் திருவிழாவின் பாரதக் கூத்தைப் போல நாட்கணக்கில் ஊரே கூடி நடத்துவது அல்ல. ஒரே இரவு, ஒரு வீடு, ஒரு ஜமா. வேஷக்காரர்களையும் மேளக்காரர்களையும் சேர்த்து எண்ணினாலும் ஒரு வேனில் அடங்குவார்கள்.

பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைதான் வேஷக் கொட்டகை. மாடுகளை வெளியே கட்டிவிட்டுப் பாய் விரித்திருக்கிறார்கள். மரப்பெட்டி திறந்து கிடக்கிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டியவை. கனமில்லாத மரம்தான். ஆனாலும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் விடிய விடியத் தோளைத் தின்னும். கர்ண வேஷக்காரர் முகத்துக்கு அரிதாரம் போட்டு முடித்து, பாவாடைக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டிருக்கிறார். யாரோடும் பேச்சில்லை.

குந்தி வேஷம் கட்டுகிறவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் வர இன்னும் ஆறேழு மணி நேரம் இருக்கிறது. ஆனாலும் இப்போதே ஒருமுறை மழித்துக்கொண்டார். கைக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஜமாவின் வாத்தியாரிடம் கேட்கிறார்.

"செத்தவருக்கு என்னா வயசு வாத்தியாரே?"

"அம்பத்தெட்டுன்றாங்க."

"தாய் இருக்குதா?"

"இருக்குது. திண்ணையில ஒக்காந்துனு இருக்குது பாரு."

கீற்று இடுக்கு வழியாக அவர் எட்டிப் பார்க்கிறார். சும்மா ஒரு பார்வை என்றால் இவ்வளவு நேரம் ஆகாது.

திண்ணையில் இருக்கிற கிழவிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். ரவிக்கை போடாத தலைமுறை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, வெற்றிலையைக் கூட வாயில் போடாமல் கைக்குள் வைத்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். நடுவில் இறந்தவரின் மனைவி, தலைகுனிந்து. பெங்களூரிலிருந்து வந்த மூத்த மகன் வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போடுகிறான். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறான். அவன் வந்து சேர்ந்தபோது உயிர் போய் நாலு மணி நேரம் ஆகியிருந்ததாம். சின்னவன் ஊரிலேயே இருப்பவன். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வேலை செய்கிறார்கள்.

டீக் கொடுக்கும் இடத்தில் நின்றால் காதில் எல்லாம் விழும். மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள், மந்திரித்தார்கள். டவுனுக்குக் கொண்டுபோகலாம் என்று சின்னவன் சொன்னானாம். "வேணாம்னு சொன்னது ஆயாதான்" என்கிறாள் ஒருத்தி. "அவங்க வூட்டுக்காரருக்கு அப்படித்தான் கொணமாச்சாம், அந்தக் காலத்துல." கேட்டவள் ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போகிறாள்.

பத்து மணிக்குக் களரி கட்டுகிறார்கள். மிருதங்கமும் முகவீணையும் தாளமும் சேர்ந்து எழுப்பும் அந்த ஓசை ஏரிக்கரை தாண்டி அடுத்த ஊருக்கும் கேட்கும். இன்றைக்குக் கூத்து என்று சொல்ல வேறு அறிவிப்பு வேண்டாம். கட்டியக்காரன் வந்து சாமிகளைக் கும்பிட்டு, படத்தின் முன் விழுந்து எழுந்து, எழுந்த கையோடு ஒரு சிரிப்பு வார்த்தை சொல்கிறான். சாவு வீட்டில் சிரிக்கலாமா என்று யாரும் தயங்கவில்லை. பதினைந்து நாளாக அடைந்து கிடந்த வாய்கள் முதலில் சிரித்துத்தான் திறக்கின்றன. சின்னவன் கூடச் சிரித்தான். பெரியவன் சிரிக்கவில்லை.

இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள். பின்னாலிருந்து கர்ணன் பாட, திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் அசைகிறது, கீழே சலங்கைக் கால். பாதி மறைத்து வைத்து அரை மணி நேரம் காக்க வைப்பது கூத்தின் பெரிய வித்தை. திரை விலகும்போது நமக்குத் தெரிந்த மனிதர் அங்கே இல்லை. மாலையில் சொம்பு நிறைய மோர் வாங்கிக் குடித்தவர் எங்கோ போய்விட்டார். வந்திருப்பவன் பதினேழாம் நாள் போருக்குப் புறப்படுகிறவன்.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. 1964இல் வந்த பந்துலுவின் 'கர்ணன்' படத்தை இங்கிருக்கும் பாதிப் பேர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் படம் ஓடி முடிந்தால் விளக்குப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். இங்கே விளக்கு அணையவே இல்லை. ஆடுகிறவர் முகமும் பார்க்கிறவர் முகமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கின்றன. யார் எந்த இடத்தில் தலை குனிந்தார்கள் என்று ஊருக்குத் தெரியும். கூத்தாடிகளுக்கும் தெரியும்.

ஒரு மணிக்கு மேல் பொன்னுருவி வருகிறாள். கர்ணனின் மனைவி. பிறப்புத் தெரியாதவன், தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன் என்று கணவனை ஏளனம் செய்தவள் இவள், கூத்தின் கதைப்படி. இப்போது கெட்ட கனவு கண்டு ஓடிவந்து, போகாதே என்று மறிக்கிறாள். தர்க்கம் நீளுகிறது. அவன் ஒரு பாட்டு, இவள் ஒரு பாட்டு. வாழ்நாளெல்லாம் சொல்லாமல் இருந்ததைச் சொல்ல அவளுக்கு ஒரு இரவின் மிச்சம்தான் இருக்கிறது. அதிலும் பாதி பழைய சண்டையிலேயே போகிறது.

நகரத்து விழாக்களில் கர்ண மோட்சத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கச் சொல்வார்கள். அப்போது முதலில் கத்திரிபடுவது இந்தத் தர்க்கம்தான். போரும் மோட்சமும் மட்டும் மிஞ்சும். அது பெரிய நஷ்டம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும்போது தெரிகிறது. இறந்தவரின் மனைவி இந்த இரவில் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தியது பொன்னுருவியைப் பார்க்கத்தான். அழவில்லை. யாரோ தன் வீட்டுக்குள் நடந்ததைத் தெருவில் சொல்வதைக் கேட்பவள் மாதிரி, கொஞ்சம் திகைப்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கர்ணன் பொன்னுருவியை விலக்கிவிட்டுப் போனதும் மறுபடி குனிந்துகொண்டாள்.

நா. முத்துசாமி என்ற எழுத்தாளரைக் கூத்தின் பக்கம் இழுத்ததும் ஒரு கர்ண மோட்சம்தான், இந்த வட்டாரத்துப் புரிசை நடேசத் தம்பிரானுடையது. 1977இல் முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். தமிழின் நவீன நாடகத்தில் பாதி அங்கிருந்து கிளைத்தது. 2024இல் பாரி இளவழகன் எடுத்த 'ஜமா' படத்திலும் பெண் வேஷம் கட்டுகிற ஒரு கூத்துக்காரனின் வாழ்வுதான் கதை. இதையெல்லாம் இங்கே யாரும் பேசவில்லை. பேசவும் வேண்டாம். ஆனால் இந்த ஆட்டம் எங்கெங்கோ போய் எதையெதையோ பிறப்பித்துவிட்டு, இந்தத் தெருவுக்கே திரும்பி வந்து ஒரு காமாலைச் சாவுக்கு உட்காருகிறது. அதன் முதல் வேலை இதுதான்.

நாலு மணி. குழந்தைகள் கோணிமேல் உறங்கிவிட்டன. தேரோட்டும் சல்லியன் கோபித்துக்கொண்டு தேரை விட்டு இறங்கிப் போகிறான். பெஞ்சுக்குக் கீழே கர்ணன் குனிந்து, மண்ணில் புதைந்த சக்கரத்தைத் தூக்குகிறான். அர்ச்சுனன் அம்பு தொடுக்கிறான்.

இந்தக் கூத்தில் குற்றமில்லாத ஆள் ஒருவருமில்லை. சக்கரம் தூக்குகிறவனை அடித்தது அர்ச்சுனன். நடுக்களத்தில் கைவிட்டது சல்லியன். சபையில் திரௌபதியைப் பேசக் கூடாததெல்லாம் பேசியவன் கர்ணன். எல்லாவற்றுக்கும் மேலே கடவுளே ஒரு கிழப் பார்ப்பான் வேஷத்தில் தடியூன்றி வருகிறார். குற்றுயிராய்க் கிடப்பவனிடம் பிச்சை கேட்கிறார். அவன் செய்த புண்ணியம் அத்தனையும் வேண்டுமாம். அது இருக்கிற வரை அம்பு அவன் உயிரை எடுக்காது.

கர்ணன் கொடுக்கிறான். தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை, மார்பில் வடியும் ரத்தத்தை வார்க்கிறான். வேண்டும் வரம் கேள் என்கிறார் அவர். இன்னொரு பிறவி இருந்தால் இல்லையென்று சொல்லாத மனத்தைக் கொடு என்கிறான். வில்லிபுத்தூரார் பாரதத்தில் இருப்பதுதான். ஆனால் காகிதத்தில் படிக்கும்போது அது கொடையின் பெருமை. இங்கே, எதிரே ஒரு படம் மாலையோடு இருக்கும்போது, வேறாகக் கேட்கிறது. கையில் இருந்த கடைசியையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் சாமி கதி கொடுக்குமா? கேட்டால் கேட்கலாம். கேட்டுக்கொண்டே கையெடுத்துக் கும்பிடவும் செய்கிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து கர்ணன் காலடியில் ரூபாய் வைக்கிறார். பெரிய மகனும் வந்தான். சட்டைப் பையிலிருந்து எடுத்ததை எண்ணாமல் வைத்தான். கட்டியக்காரன் இறந்தவரின் பெயரைச் சொல்லி, இன்னார் பேரில் இன்ன தர்மம் என்று கூவியபோது, அப்பனின் பெயரை அத்தனை சத்தமாகக் கேட்டு அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். நாற்காலி எடுத்துப் போட இப்போது யாருமில்லை. மண்ணில்தான் உட்கார்ந்தான்.

பிறகுதான் குந்தி.

திரை இல்லை, அறிமுகம் இல்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வருகிறாள். பெண்களின் நடுவே புகுந்து, மிதித்துவிடுவாளோ என்று அவர்கள் விலக, களரியில் வந்து விழுகிறாள். கர்ணன் தலையை மடியில் எடுத்துப் போடுகிறாள். ஆற்றில் விட்டதைச் சொல்லி அழுகிறாள். பெட்டியின் மூடியைச் சாத்திய கையைச் சொல்கிறாள். அவன் அரசனாய் நின்றபோது வராமல், போருக்கு முன்னால் வந்து, நாகக் கணையை ஒருமுறைக்கு மேல் தொடாதே, மற்ற நாலு பேரைக் கொல்லாதே என்று வரம் வாங்கிப் போனதைச் சொல்கிறாள். பெற்றவள் என்று சொன்னதும் அதற்காகத்தானே என்று தன்னையே கேட்கிறாள்.

பெண்கள் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டார்கள். யாருக்கு யார் அழுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியாது. ஒருத்தி போன வருஷம் போன தம்பியைச் சொல்கிறாள். இன்னொருத்தி யார் பெயரையும் சொல்லவில்லை. நான் அதைச் செய்யாமல் விட்டேனே என்ற சொல் மட்டும் அங்கங்கே கேட்கிறது. எதை என்று யாரும் கேட்பதில்லை. குந்தி இவ்வளவு பெரிய குற்றத்தைத் தெருவில் வைத்துவிட்டாள். அதன் பக்கத்தில் தங்கள் குற்றத்தையும் ஒரு ஓரமாக வைத்துவிட்டு, வைத்தது யாருடையது என்று தெரியாமலே எழுந்து போகலாம்.

அழாதவள் ஒருத்திதான். கிழவி. முழங்காலைக் கட்டியபடி, தலையைச் சற்றே சாய்த்து, பாட்டை வரிவரியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

குந்தி வேஷக்காரரும் அவளைப் பார்த்துவிட்டார். அழுகைக்கு நடுவே அவர் குரல் ஒரு கணம் தடுமாறியது. ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டு சட்டென்று அடுத்த கட்டத்துக்குத் தாவியது. தருமனும் தம்பிகளும் ஓடி வந்தார்கள். நம் அண்ணனா என்று அலறினார்கள். தெரியாமல் பார்ப்பவர்களுக்கு எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றாது.

"நிறுத்துப்பா."

கிழவிதான். குரல் பெரிதாக இல்லை. ஆனால் மிருதங்கம் நின்றுவிட்டது.

"பால் குடுக்குற பாட்டு எங்க?"

வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்து, "நேரமாயிடுச்சி ஆயா, விடியப்போவுது" என்றார்.

"விடிஞ்சா விடியட்டும். அது அவன் கேட்டது. செத்தா எல்லார் எதிர்லயும் மடியில போட்டுப் பால் குடுன்னு அவன் வாய்விட்டுக் கேட்டான். சரின்னு வாக்குக் குடுத்துட்டு வந்தா. குடுக்காம போனா எப்டி?"

அவள் சொன்னது சரி. வரம் வாங்க வந்த குந்தியிடம் கர்ணனும் பதிலுக்குக் கேட்டிருக்கிறான். வில்லிபுத்தூரார் அதைத் தெளிவாகவே பாடியிருக்கிறார். அர்ச்சுனன் அம்பில் நான் விழுந்தால் வந்து, எல்லோரும் காண மடியில் வைத்துப் பாலூட்டி, என் மகன் என்று சொல். உயிரோடு இருக்கும்போது தராததைச் செத்த பிறகாவது கொடு. அதை விட்டுவிட்டால் குந்தியின் அழுகை வெறும் அழுகை. வாக்கு நிறைவேறாமல் நிற்கும்.

குந்தி வேஷக்காரர் வாத்தியாரைப் பார்க்கவில்லை. கிழவியைப் பார்த்துக் கைகூப்பினார். மகனைப் பறிகொடுத்தவள் எதிரே அதைப் பாட வேண்டாம் என்று நினைத்தவர், மறுபடி கர்ணன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். தருமனும் வீமனும் வேஷக் கொட்டகைப் பக்கம் பின்வாங்கினார்கள். ஆர்மோனியம் மெதுவாக ஏறியது.

முழுப் பாட்டும் பாடினார். ஒரு அடி கூடக் குறைக்கவில்லை. புடவைத் தலைப்பைக் கர்ணன் முகத்தின் மேல் போட்டு மூடி, குழந்தைக்குச் செய்வதையெல்லாம் அந்தக் கிரீடத்துக்கும் புஜக்கட்டைக்கும் செய்தார். நாற்பத்தைந்து வயது ஆண் அவர். வியர்வையில் அரிதாரம் கரைந்து தாடையில் நீலம் தெரிந்தது. அதனால் எதுவும் கெடவில்லை. கிழவி வாய்க்குள் கூடவே பாடினாள். சில இடத்தில் அவருக்கு முன்பாகவே அடுத்த சொல் அவள் உதட்டில் வந்தது. முடிந்ததும், இத்தனை நேரம் கைக்குள் இருந்த வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவள் பக்கத்தில் சின்னவன் வந்து உட்கார்ந்தான். டவுனுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னவன். ஒன்றும் பேசவில்லை. அவள் பாக்குப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள், பிரித்துக் கொடு என்று. பிரித்துக் கொடுத்தான்.

வியாசரின் பாரதத்தில் இந்த இடம் வேறு மாதிரி. அங்கே குந்தி களத்தில் வாய் திறப்பதில்லை. போர் முடிந்து, கங்கைக் கரையில் இறந்தவர்களுக்கெல்லாம் நீர்க்கடன் செய்யும்போதுதான், கர்ணனுக்கும் நீர் விடுங்கள், அவன் உங்கள் அண்ணன் என்கிறாள். அந்தக் கோபத்தில் தருமன் பெண்குலத்தையே சபிக்கிறான், இனி எந்தப் பெண்ணிடமும் ரகசியம் தங்காதிருக்கட்டும் என்று. தமிழ் மரபு அவளை நீர்க்கரை வரை காக்க வைக்கவில்லை. உடம்பு சூடாக இருக்கும்போதே ஓட வைத்தது. எந்த வழி நல்லது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்த ஊர் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. இரவெல்லாம் தெருவில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு, காலையில் பங்காளிகள் ஏரிக்கரைக்கு நடக்கிறார்கள். எள்ளும் தண்ணீரும் விடும் நேரத்தில் புதிதாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பெரியவன் முன்னால் போனான். தம்பி ஓடிப்போய் அவன் கையிலிருந்த சொம்புகளில் ஒன்றை வாங்கிக்கொண்டான்.

கிழவி போகவில்லை. பெண்கள் போகிற இடமில்லை அது. வாசலில் சாணி தெளித்துவிட்டார்கள். டியூப்லைட்டைக் கழற்றுகிறார்கள். பெஞ்சுகளைப் பள்ளிக்கூடத்தில் எட்டு மணிக்குள் போட வேண்டும். ஜமாக்காரர்கள் எண்ணெய் தடவி முகம் கழுவி, இட்லி தின்று, அடுத்த வாரம் வெம்பாக்கம் பக்கம் ஒரு கூத்துக்கு முன்பணம் வந்துவிட்டதா என்று பேசிக்கொள்கிறார்கள்.

குந்தி கட்டியவர் லுங்கிக்கு மாறி, துண்டால் காதுமடலைத் துடைத்தபடி வருகிறார். கண்ணோரத்தில் மை இன்னும் போகவில்லை. கிழவி அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"யார் கிட்ட கத்துக்கின?"

சொன்னார்.

"அவரு இங்க வந்து ஆடிக்கிறாரு. எங்க மாமனாரு காரியத்துக்கு." கொஞ்சம் யோசித்தாள். "பால் குடுத்த பின்னாடி இன்னும் ரெண்டு அடி பாடுவாரு. மவன் குடிச்சானா இல்லியான்னு கேக்குற மாதிரி. உனக்கு வராதா?"

"அது எனக்கு அவரு சொல்லிக் குடுக்கல ஆயா."

"ஒக்காரு" என்றாள். "நான் சொல்றன், கேட்டுக்க."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குக் கீழே உட்கார்ந்தார். வேன்காரர் ஹாரன் அடித்தார். வாத்தியார் அவரைக் கையமர்த்தினார்.